அடித்தாலும் படிக்கத் தெரிய வேண்டும்

கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் வேலையற்றவன் எவனோ உட்கார்ந்து எழுதியது என்பது மதகுக்காரரின் கட்சி. அப்படி எழுதுகிறவர்களில் ஒருத்தி அவர் வீட்டிலேயே இருந்தாள். அவர் பெற்ற மகள். அதனால் இந்தக் கட்சியை அவர் வீட்டுக்குள் மட்டும்தான் பேசுவார். வெளியே வாயைத் திறக்க மாட்டார்.

மதகுக்காரர் என்று பெயர்தான், இப்போது அவர் கையில் மதகு எதுவும் இல்லை. அணையின் ஆறு கதவுகளை முப்பத்தொரு வருஷம் ஏற்றி இறக்கினார். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருஷம் ஆகிறது. தபால்காரரிலிருந்து மருந்துக்கடைக்காரர் வரைக்கும் இன்னும் அந்தப் பெயர்தான் சொல்கிறார்கள். அவருக்கும் அது பிடித்திருந்தது. யாரையும் நம்பாத மனுஷனுக்கு, திறக்கவும் மூடவும் தெரிந்த பெயர் பொருத்தம்தானே.

மகளுக்கு நாற்பத்து நாலு வயது. கல்யாணம் வேண்டாம் என்றாள். இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கண்ணாடிக் குழாயில் எண் ஒட்டியிருக்கும், பெயர் இருக்காது. ஒரு தடவை இவருடைய ரத்தமே அவள் கைக்குப் போய், சர்க்கரை எகிறிக் கிடக்கிறது என்று தாளில் அச்சாகி வந்துவிட்டது.

“பெத்த அப்பன் ரத்தம். பார்த்து ஒரு இருபது குறைச்சுப் போட்டிருக்கக் கூடாதா?”

“குறைச்சுப் போட்டா தாள்லதான்ப்பா குறையும்.”

அப்படிப்பட்டவள். சாயங்காலம் வேலை விட்டு வந்து, குளித்து, அம்மாவுக்குக் காய் நறுக்கிக் கொடுத்துவிட்டு, சமையலறை மேசையில் கம்ப்யூட்டரைத் திறப்பாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற இணையக் கலைக்களஞ்சியத்துக்குச் சம்பளமில்லாமல் கட்டுரை எழுதுவாள். அடுப்பில் சோறு கொதிக்கும் சத்தமும் இவள் விசையைத் தட்டும் சத்தமும் ஒன்றாகக் கேட்கும். மதகுக்காரர் எதிர் நாற்காலியில் டீயோடு உட்கார்ந்து நோட்டம் பார்ப்பார்.

“இன்னைக்கு என்னத்த எழுதுற?”

“ஒரு பாலம். யாரு கட்டினதுன்னு ரெண்டு கோஷ்டி அடிச்சுக்கிட்டு கிடக்கு.”

“உனக்கு எவன் சொல்றது சரின்னு தோணுது?”

“எனக்குத் தோணுறது எதுக்குப்பா? இவங்க இத சொல்றாங்க, ஆதாரம் இது. அவங்க அத சொல்றாங்க, ஆதாரம் அது. ரெண்டையும் எழுதிட்டு நகர்ந்துக்கணும்.”

“யாரு வேணும்னாலும் வந்து மாத்தலாம்னு சொன்னியே.”

“ஆமா.”

“திருடன் கையில சாவியக் குடுத்த கதை.”

“திருடன் வந்தா பார்க்க ஆயிரம் பேர் இருக்காங்க.”

“அந்த ஆயிரம் பேரும் யாரு?”

“என்னை மாதிரி ஆளுங்க.”

“அதான் கேக்குறேன். யாரு?”

அவள் சிரித்துக்கொண்டே தட்டுவாள். அந்த ஆயிரம் பேரில் ஒருவனுக்கு அவள் ‘முட்டுக்கட்டை’ என்று பெயர் வைத்திருந்தாள். ஏதோ ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறான். எட்டு வருஷமாகச் சண்டை, முகம் பார்த்தது கிடையாது. ஓர் ஆற்றின் நீளம் இருநூற்றுப் பன்னிரண்டா இருநூற்றுப் பதினெட்டா என்று இரண்டு பேரும் பதினொரு நாள் மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் இரண்டு எண்ணையும் போட்டு, எந்த எண்ணை யார் அளந்தார்கள் என்றும் எழுதிச் சமாதானம் ஆனார்கள். “ஊர்பேர் தெரியாதவன்கூட எதுக்குடி உனக்கு வழக்கு?” என்று அம்மா கேட்டதற்கு, “அவன் இருக்கறதாலதாம்மா நான் ஒழுங்கா எழுதுறேன்” என்றாள்.

வீட்டில் நாலாவது ஆள் அம்மாவின் தம்பி, ராந்தல். அணையில் மதகுக்காரருக்கு ஜோடியாக வேலை பார்த்தவன். டார்ச் இருந்தும் ராந்தலைத்தான் தூக்கிக்கொண்டு போவான். பேட்டரி தீருவது கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய் தீருவது தெரியும் என்பான். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வெள்ளம் வந்த வருஷத்தில் வேலை போயிற்று. அப்புறம் சைக்கிள் கடை ஒன்றில் சேர்ந்து, வயதாகி, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் அக்காள் வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்தான். யார் சைக்கிளில் வாசலுக்கு வந்தாலும் இவன் குனிந்து முதலில் பார்ப்பது சங்கிலியைத்தான். எண்ணெய் விட்டுத்தான் அனுப்புவான். தபால்காரர் சைக்கிள் அந்த ஊரிலேயே சத்தமில்லாத சைக்கிள்.

இந்த ராந்தல்தான் ஒரு செவ்வாய்க்கிழமை முகம் மழிக்கக் கடைக்குப் போனவன் பாதியில் எழுந்து வந்தான். வலது கன்னம் மழமழவென்று இருந்தது. இடது கன்னத்தில் நுரை காய்ந்து கிடந்தது. யாரிடமும் பேசாமல் பின்னறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தான். அம்மா சோறு கொண்டுபோய் வைத்தாள். சோறு அப்படியே இருந்தது.

என்ன நடந்தது என்று மதகுக்காரர் கடைக்கே போய் விசாரித்தார். முடிவெட்டுகிறவர் கையைப் பிசைந்தார்.

“எனக்கு என்னங்க தெரியும்? வெளியூர்க்காரர் ஒருத்தர் உக்கார்ந்திருந்தார். அணையப் பார்க்க வந்தவராம். போன்ல அணையப் பத்திப் போட்டிருக்குன்னு சத்தமாப் படிச்சார். வெள்ளம் வந்த கதை. மதகுல இருக்க வேண்டிய ஆளு அங்க இல்ல, அதனாலதான் மூணு பேர் செத்தாங்கன்னு இருந்துச்சு. நான் பாவி, அப்ப இந்த ஊர்லயே இல்லாதவன், யாருங்க அந்தப் புண்ணியவான், இன்னும் உசுரோட இருக்கானான்னு கேட்டேன். கத்தி உங்க மச்சான் கன்னத்துல இருக்கு. அவரு என் கையத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டாரு.”

மூன்று நாள் ஆயிற்று. ராந்தல் தண்ணீர் குடித்தான், டீ பாதி குடித்தான். வலது கன்னத்திலும் முடி முளைத்தது, இடது கன்னத்தோடு ஒட்டாமல். டாக்டர் வந்து மார்பில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் பத்து நாள்கூடத் தாங்காது என்று கூடத்தில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் மகள் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்பே மதகுக்காரர் எதிரில் உட்கார்ந்துவிட்டார். டீகூட இல்லை.

“பாப்பா, அணையப் பத்தி எழுதியிருக்கானே, அது நீ எழுதுற களஞ்சியத்துலயா?”

“ஆமாப்பா.”

“அந்த வரிய எடு.”

அவள் கம்ப்யூட்டர் மூடியின் மேல் கையை வைத்தபடி இருந்தாள்.

“நான் எடுக்க முடியாதுப்பா.”

“ஏன், உன் கையில சுளுக்கா?”

“அது என் மாமா. எங்க அப்பா வேலை பார்த்த அணை. நான் அதத் தொடக் கூடாது. சொந்தக்காரங்க விஷயத்துல எழுதக் கூடாதுங்கறது எங்க வழக்கம்.”

“நல்ல வழக்கம். உள்ள ஒருத்தன் செத்துக்கிட்டு இருக்கான், இவ வழக்கம் பேசுறா.”

“தப்பு இருக்குன்னா, கட்டுரைக்குப் பின்னாடி அதப் பத்திப் பேசறதுக்குன்னு ஒரு பேச்சுப் பக்கம் இருக்கு, அங்க சொல்லலாம். மத்தவங்க பார்த்து முடிவு பண்ணுவாங்க.”

“மத்தவன் எதுக்குப் பார்க்கணும்? அங்க நின்னவன் நான். மழைய வாங்கினவன் நான். தொலைபேசி செத்துப் போச்சு, கீழத்தெருவுக்குப் போய்ச் சொல்லிட்டு வாடான்னு அவனை அனுப்பினவன் நான். என்னைக் கேட்டு எழுது.”

“நீங்க சொல்றத நான் நம்புறேன்ப்பா. ஆனா வீட்டுல கேட்டது ஆதாரம் ஆகாது. அச்சுல இருக்கணும், யாரு வேணும்னாலும் போய்ப் பார்க்க முடியணும்.”

“பேப்பர்காரன் குடையப் பிடிச்சுக்கிட்டு மறுநா வந்தான், அவன் எழுதினா ஆதாரம். நனைஞ்சவன் சொன்னா ஆதாரமில்ல.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடுப்பருகே அம்மா கரண்டியைச் சத்தமாக வைத்தாள். அந்தச் சத்தம் யாருக்கு என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மதகுக்காரர் வாசலில் போய் நின்றார். வெகுநாளாக நினைக்காத மதகு அறை ஞாபகத்துக்கு வந்தது. பத்தடிக்குப் பத்தடி. ஒரு மேசை, இரண்டு முக்காலி, சுவரில் தொலைபேசி, மூலையில் கிரீஸ் டப்பா. மழைக் காலத்தில் அறை முழுக்க ஈரச் சாக்கும் கிரீஸும் கலந்த வாடை அடிக்கும். அந்த வாடையிலேயே சோறு தின்று பழகி, வீட்டில் தின்றால் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும். சனிக்கிழமைகளில் மகள் சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கரைமேல் நடந்து வருவாள். ஆறு, ஏழு வயது. ஐந்து கதவுகள் சக்கரத்தைச் சுற்றினால் ஒழுங்காக ஏறும். ஆறாவது ஏறாது. இடது பக்கம் ஓர் உதை கொடுத்தால்தான் ஏறும். உதைக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அவள் உதைக்கும் அதே நேரத்தில் ராந்தலும் மறைவாக ஓர் உதை விடுவான். கதவு ஏறும். தான் உதைத்துத்தான் அணையே திறக்கிறது என்று அவள் ரொம்ப நாள் நம்பியிருந்தாள்.

மணிக்கு ஒரு தடவை நீர்மட்டம் எழுத வேண்டும். ஒருவர் போய் அளவுகோலைப் பார்த்து வந்து எழுதுவார். அடுத்து இன்னொருவர், முதல் ஆள் எழுதியதைப் பார்க்காமல், தானும் போய்ப் பார்த்து எழுதுவார். இரண்டும் ஒத்துப் போகாவிட்டால் இரண்டும் பதிவேட்டில் இருக்கும். எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மதகுக்காரனுக்குச் சம்பளம் கிடையாது.

இன்னொரு சட்டமும் உண்டு. தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. குறுக்கே ஒற்றைக் கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்தாலும் அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாள் ராந்தல் மகளை அளவு பார்த்து வரச் சொன்னான். அவள் தப்பாகப் பார்த்து வந்து சொல்ல, அவனும் எழுதிவிட்டான். தப்பு என்று தெரிந்ததும் மாமாவுக்குத் திட்டு விழுமே என்று பயந்து, பிளேடால் அந்த எண்ணைச் சுரண்டிவிட்டாள். மதகுக்காரர் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. பேனாவை அவள் கையில் கொடுத்தார். ‘இந்த எண்ணைச் சுரண்டியது நான்’ என்று பிள்ளைக் கையெழுத்தில், அரசாங்கப் பதிவேட்டில், எழுத வைத்தார். அழுதுகொண்டேதான் எழுதினாள். மேலதிகாரி வந்து பார்த்து, இது யார் புது ஊழியர் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.

மறுநாள் மகள் வேலைக்குப் போனபிறகு மதகுக்காரர் தம் போனை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவள் தட்டுவதை வருஷக் கணக்காகப் பார்த்தவர். எங்கே தொட்டால் திருத்தலாம் என்று தெரியும். படித்தது ஐந்தாவதுதான் என்றாலும் கண் கூர்மை. அணையைத் தேடிப் பிடித்து, அந்த வரியைக் கண்டுபிடித்தார்.

‘ஷட்டர் இயக்குநர்களில் ஒருவர் பணியிடத்தில் இல்லாததால் கதவுகளைத் திறப்பதில் தாமதம் ஏற்பட்டது. இதுவே மூவரின் உயிரிழப்புக்குக் காரணம்.’

முழுசாக அழித்தார். கீழே ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ‘பொய்’ என்று எழுதி அனுப்பினார். வரி போய்விட்டது. பின்னறைக்குப் போய் ராந்தலிடம் சொல்லலாம் என்று எழுந்து, எதற்கும் இன்னொரு தடவை பார்த்தார். வரி திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுபடி அழித்தார். மறுபடி வந்தது. மூன்றாம் தடவை அழித்தபோது காரணக் கட்டத்தில் ‘நேரில் வாடா’ என்று எழுதினார். வரி வந்ததோடு, பக்கத்தின் தலையில் ஒரு பூட்டுப் படமும் வந்தது. அதன்பின் அவருக்கு அது திறக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் கதவு திறந்த ஆளுக்கு.

சாயங்காலம் மகள் வந்தாள். குளிக்கவில்லை. நேரே மேசைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்து, அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

“நேரில் வாடான்னு எழுதினது நீங்கதானே?”

“எவன் சொன்னான்?”

“அங்க பேர் இல்ல, பேரப் பதியாம எழுதினா வெறும் எண்தான் வரும். ஆனா நேரில் வாடான்னு சொல்ற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான். திரும்பப் போட்டது யாருன்னு பாருங்க. முட்டுக்கட்டை.”

“அவனுக்கு என்ன வந்துச்சு? அவன் மாமனா செத்தான்?”

“காரணம் சொல்லாம யாரு அழிச்சாலும் அவன் திரும்பப் போடுவான். அவன் வேலை அது.”

மதகுக்காரர் திரையைப் பார்த்தார். அது அந்தக் கட்டுரையின் வரலாற்றுப் பக்கம். ஒவ்வொரு வரியிலும் தேதி, மணி, யார், என்ன செய்தார். அவர் அழித்தது மூன்றும் இருந்தன. ‘பொய்’ இருந்தது. ‘நேரில் வாடா’ இருந்தது. அந்த மணியைத் தொட்டால் அழிப்பதற்கு முன்னால் இருந்ததும் பின்னால் இருந்ததும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன.

“இது போகாதா?”

“போகாது. எதுவும் போகாது.”

“அடிச்சது படிக்கத் தெரியுது” என்றார், தமக்குத் தாமே. நெடுநாள் கழித்துத் தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது அவருக்கு. விரலால் திரையைத் தள்ளித் தள்ளிக் கீழே போனார். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், இன்னும் கீழே. எல்லாவற்றுக்கும் அடியில், பதினொரு வருஷத்துக்கு முன், முதல் வரியை எழுதியவரின் பெயர் இருந்தது.

ஆறாங்கதவு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இது யாரு?”

அவள் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தாள்.

“ஆறாங்கதவுன்னு பேர் வெச்சுக்கறதுக்கு நம்ம மூணு பேரை விட்டா உலகத்துல வேற எவன் இருக்கான்? நீயா எழுதின?”

“நான்தான்ப்பா.”

அம்மா கரண்டியோடு திரும்பி நின்றாள்.

“மாமன் தோள்ல உக்கார்ந்து அணையச் சுத்தினவ.” அவர் குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “அவன் குடுத்த மிட்டாயத் தின்னுட்டு அவன்மேலயே எழுதியிருக்க.”

“அப்ப நான் அதுல புதுசுப்பா. நம்ம அணையப் பத்தி ஒண்ணுமே இல்லையேன்னு ஆசையா ஆரம்பிச்சேன். எத்தனை கதவு, எவ்வளவு உயரம், எல்லாம் எழுதினேன். வெள்ளம் வந்த இடத்துக்கு வந்து நின்னுட்டேன். நூலகத்துல அந்த ஒரு பேப்பர்தான் இருந்துச்சு. அதுல அப்படி இருந்துச்சு. மாமாங்கறதால விட்டுட்டா நான் எப்படி நடுநிலைன்னு சொல்லிக்க முடியும்? அதான் போட்டேன். போட்டுட்டு அன்னைக்கு ராத்திரி பெருமையா இருந்துச்சு.”

“பெருமை.”

“ஆமா. நம்ம ஆளுன்னுகூடப் பார்க்கலன்னு. அது தப்புன்னு அப்புறம்தான் புரிஞ்சுச்சு. அடுத்தவங்க மாமாவா இருந்திருந்தா ஒரே ஒரு பேப்பர நம்பி அப்படி எழுதியிருக்க மாட்டேன், விசாரணை அறிக்கை எங்கன்னு தேடியிருப்பேன். நம்ம ஆளுன்னு பார்த்ததாலதான் கூடுதலா குத்திட்டேன். நம்ம ஆளுக்கு இறங்கறதும் ஓரவஞ்சனைதான், நம்ம ஆள்னு ஏறி மிதிக்கறதும் ஓரவஞ்சனைதான். மொதல்லயே அந்த மேசைய விட்டு எந்திரிச்சிருக்கணும். அதுக்கப்புறம் அந்தப் பக்கத்த நான் தொட்டதே இல்ல.”

“தொடாம விட்டுட்டா சரியாப் போச்சா?”

“இல்லப்பா.” அவளே கேட்டாள். “நான் ஒண்ணு கேக்குறேன். விசாரணையில நீங்க என்ன சொன்னீங்க?”

இந்தக் கேள்வியை முப்பத்து நாலு வருஷமாக யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவர் டீ கேட்டார். அம்மா கொடுத்தாள். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டார்.

“மூணு பேர் உக்கார்ந்திருந்தானுங்க. கதவு திறக்கும்போது இன்னொரு ஆள் பணியிடத்துல இருந்தாரா, இல்லையான்னு கேட்டான். இல்லன்னேன்.”

“அப்புறம்?”

“போகலாம்னான். வந்துட்டேன்.”

“நீங்க அனுப்பினதுதான்னு சொல்லலையா?”

“கேக்கல. பதிவேட்டுல எழுதியிருந்தேன், படிச்சுக்குவானுங்கன்னு இருந்துட்டேன். ஒன்பது இருபது, தொலைபேசி இல்லை, ஆள் சைக்கிளில் அனுப்பப்பட்டார். அந்தப் புஸ்தகத்த அவனுங்கதான் தூக்கிட்டுப் போனானுங்க.” டீயைக் கீழே வைத்தார். “மூணு மைல். சைக்கிள்ல போய்ச் சொல்லிட்டு வர முக்கால் மணி. பத்தரைக்குள்ள வந்துருவான்னு கணக்குப் போட்டேன். ஒரு சக்கரத்துக்கு ரெண்டு ஆள் வேணும். பத்தரை ஆச்சு, பதினொண்ணு ஆச்சு, ஆளக் காணோம். நான் ஒத்தையா ரெண்டு கதவு ஏத்தினேன், அதுக்குள்ள தண்ணி கரை தாண்டிருச்சு. எங்கயோ டீக்கடையில ஒதுங்கிட்டான்னு எனக்கு ஒரு நெனப்பு. அந்தக் கோபம் இருந்துச்சு. அதனாலதான் இல்லன்னு சொல்லி நிறுத்திக்கிட்டேன்.”

சோறு குழைந்து அடிப்பிடித்த வாடை வந்தது. அம்மா ஓடிப் போய் இறக்கினாள். தம்பியைப் பற்றித்தான் பேச்சு. அவள் கரண்டியால் அடியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

மகள் பேச்சுப் பக்கத்தைத் திறந்தாள். எழுதியதைச் சத்தமாகப் படித்துக் காட்டினாள். “நான் இந்தக் கட்டுரையைத் தொடங்கியவள். குறிப்பிடப்படும் இயக்குநர் என் தாய்மாமன். மற்றொருவர் என் தந்தை. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இன்று இந்த வரியை அழித்தவரும் என் வீட்டைச் சேர்ந்தவரே. இனி நான் இதில் கை வைக்க மாட்டேன். வெள்ளத்துக்கு மூன்றாம் நாள் வந்த ஒரே நாளிதழைத் தவிர இந்த வரிக்கு ஆதாரம் இல்லை. விசாரணை அறிக்கை தலைமை நூலகத்தில் இருக்கக்கூடும். இயன்றவர்கள் பார்க்கவும்.”

“கெஞ்சுற மாதிரி ஒண்ணும் இல்லையே. மாமா உள்ள பட்டினி கிடக்கான்னு போடு.”

“அதப் போட்டா, பாவம் பார்த்து மாத்திட்டாங்கன்னு ஆயிரும். மாமாவுக்கு அது வேணுமா?”

அவர், அனுப்பு என்று கையைக் காட்டினார்.

ஒரு மணி நேரத்தில் முட்டுக்கட்டையிடமிருந்து பதில் வந்தது. மூன்றே சொல். ‘நாளை நூலகம் போகிறேன்.’

அவன் போனானா, போகவில்லையா என்று இரண்டு நாள் தெரியவில்லை. மதகுக்காரர், எட்டு வருஷம் சண்டை போட்டவன், இதுதான் சமயம் என்று இருப்பான் என்றார். அம்மா கஞ்சியைக் கரண்டியால் தம்பி வாயருகே கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாள். மதகுக்காரர் பின்னறை வாசல்வரை போவார், நிற்பார், திரும்பிவிடுவார். மூன்றாம் நாள் சாயங்காலம் மகள் கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போனாள். அவரும் பின்னால் போனார். அம்மாவும் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“மாமா, இந்தப் பக்கம் திரும்புங்க. முட்டுக்கட்டை அந்த வரிய மாத்தியிருக்கான், படிக்கறேன்.”

ராந்தல் திரும்பவில்லை. அவள் படித்தாள்.

“அன்று காலை ஷட்டர் இயக்குநர்களில் ஒருவர் பணியிடத்தில் இல்லை. தொலைபேசி இயங்காததால் கீழத்தெருவை எச்சரிக்க அவர் சைக்கிளில் அனுப்பப்பட்டதாக, விசாரணை அறிக்கையின் பிற்சேர்க்கையில் அச்சிடப்பட்டுள்ள அணைப் பதிவேட்டின் ஒன்பது இருபது மணிக்கான வரி கூறுகிறது. கீழத்தெருவில் நாற்பது வீடுகளில் முப்பத்தேழு வீட்டார் வெள்ளத்துக்கு முன் வெளியேறினர். உயிரிழப்புக்கு இயக்குநரே காரணம் என அன்றைய நாளிதழ் ஒன்று எழுதியது. விசாரணைக் குழு அவ்வாறு முடிவு கூறவில்லை.”

மதகுக்காரர் முகத்தைச் சுளித்தார். “இல்லைங்கற வார்த்தை இன்னும் இருக்கே. பேப்பர்காரன் சொன்னதும் இருக்கு. அத எடுக்கச் சொல்லு.”

“இன்னொரு தடவ படி” என்றான் ராந்தல், சுவரைப் பார்த்தபடி.

அவள் படித்தாள். அவன் மெதுவாகக் கையை ஊன்றிப் புரண்டான்.

“சரியாத்தான் எழுதியிருக்கான், அத்தான். நான் அங்க இல்லதானே. எடுக்கச் சொல்லாதீங்க.” மூச்சு வாங்கினான். “சைக்கிள்லன்னு போட்டிருக்கானே, அதுதான் பாதி சரி, பாதி தப்பு.”

“என்ன தப்பு?”

“மர மில்லுகிட்டயே சங்கிலி அறுந்துபோச்சு. மாட்டிப் பார்த்தேன், முடியல. சைக்கிளத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினேன். அரசாங்க சைக்கிள், ரோட்டுல போட்டுட்டுப் போக முடியுமா? ஓடித்தான் வீடுவீடாத் தட்டினேன். தட்டிட்டுத் திரும்பவும் ஓடித்தான் வந்தேன். கடைசி மூணு வீடு தட்டல. அதுக்குள்ள தண்ணி வந்துருச்சு.”

மதகுக்காரருக்குத் தபால்காரர் சைக்கிள் ஞாபகம் வந்தது. குனிந்து எண்ணெய் விடும் அந்த முதுகு ஞாபகம் வந்தது.

“முப்பத்து நாலு வருஷம். ஏன்டா சொல்லல?”

“நீங்க கேக்கலையே, அத்தான்.”

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். மதகுக்காரர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ராந்தலின் காலைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“விசாரணையில நான் இல்லன்னு மட்டும் சொன்னேன்டா. அனுப்பினது நான்னு சொல்லல. நீ எங்கயோ ஒதுங்கிட்டன்னு நெனச்சேன்.”

“தெரியும், அத்தான்.”

“எப்படித் தெரியும்?”

“அன்னைக்கு நீங்க என் மூஞ்சியப் பார்க்கலையே.” பிறகு மருமகளைப் பார்த்து, “சங்கிலி அறுந்ததப் போடச் சொல்லு, பாப்பா” என்றான்.

“அதுக்கு ஆதாரம் இல்லையே, மாமா.”

“ஆதாரம் மர மில்லு வாசல்ல கிடக்கும். போய் எடுத்துட்டு வா.”

அம்மாதான் முதலில் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. சிரித்த வேகத்தில் போய்க் கஞ்சியைக் கொண்டுவந்தாள். ராந்தல் அரைக் கிண்ணம் குடித்துவிட்டு, உப்பு பத்தவில்லை என்றான்.

மதகுக்காரர் சமையலறைக்கு வந்து மேசையில் உட்கார்ந்தார். மகளைக் கூப்பிட்டார்.

“அந்தப் பேச்சுப் பக்கத்தத் திற. நான் எழுதணும்.”

“சொல்லுங்க, அடிக்கிறேன்.”

“நீ தொடாத. உனக்கு வழக்கம் இருக்குல்ல.”

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினார். அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டு இடத்தில் தப்பு வந்தது. அழிக்கவில்லை. அடிப்பது எப்படி என்று கேட்டார். மகள் காட்டிக் கொடுத்தாள், ஒற்றைக் கோடு விழுந்தது.

‘இந்த வரியை மூன்று தரம் அழித்தது நான். அன்று மதகில் நின்ற இன்னொருவன். அங்கே இல்லாதவனை அனுப்பியது நான். விசாரணையில் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். அவனிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. அவன் சைக்கிள் சங்கிலி அறுந்தது. ஓடித்தான் போனான். கையெழுத்து, மதகுக்காரர்.’

அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் காய் நறுக்க உட்கார்ந்தாள். நாலு நிமிஷத்தில் முட்டுக்கட்டையின் பதில் வந்தது.

‘படித்தேன். மனப்பூர்வமான வணக்கம், ஐயா. ஆனால் ஆதாரம் இல்லாததால் இதைக் கட்டுரையில் சேர்க்க இயலாது. இந்தப் பக்கத்தில் என்றும் இருக்கும்.’

மதகுக்காரர் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“இவன் ஆளு சரிதான்” என்றார்.

பின்னறையிலிருந்து ராந்தல், முகம் மழிக்கக் கண்ணாடியும் கத்தியும் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தான்.